மெதுவாகப் போனால் ஏன் உதறுகிறது?
டீசல் வேனின் நடுக்கத்தைப் படிக்கும் அறிவியல்

காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் செலாயாங் மொத்தச் சந்தையை விட்டுப் புறப்படும் டீசல் வேன்களைப் பார்த்திருப்பீர்கள். டொயோட்டா ஹையேஸ், நிசான் உர்வான் போன்றவை நம் சாலைகளில் ஏராளம். அவற்றுள் சில வேன்களுக்கு ஒரு விசித்திரமான குணம் வந்துவிடும். நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒழுங்காக ஓடும். சமிக்ஞை விளக்கில் நின்று புறப்படும்போதும் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் மட்டும் உதறும். பக்கக் கண்ணாடி அதிரும். இருக்கை குலுங்கும். சில வேளைகளில் இயந்திரம் சட்டென்று நின்றே போய்விடும்.

வேன்காரர் பட்டறைக்குப் போகிறார். "இன்ஜெக்டர் போயிருக்கும்" என்கிறார் ஒருவர். "கிளட்ச்தான் காரணம்" என்கிறார் இன்னொருவர். "மவுண்டிங்கை மாற்றுங்கள், சரியாகிவிடும்" என்கிறார் மூன்றாமவர். மூவர் சொன்னதும் நடக்கக்கூடியதே. ஆனால், மூன்றையும் மாற்றிப் பார்க்க ஒரு சிறு வியாபாரியிடம் பணம் இருக்காது. அப்படியே மாற்றினாலும் உதறல் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. அப்படியே விட்டுவிடவும் முடியாது. சாலைச் சந்திப்பில் வலப்பக்கம் திரும்பும் நேரத்தில் இயந்திரம் நின்றுவிட்டால் ஸ்டியரிங் கனத்துப்போகும். எதிரே வரும் லாரி காத்திருக்காது.

மாணவர்களே, இந்தச் சிக்கலை ஊகத்தால் தீர்க்க முடியாது, சோதனையால் தீர்க்கலாம். அதற்கு வேண்டிய அறிவியலில் பெரும்பகுதி உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

*ஒரு நொடியில் எத்தனை உந்துதல்?*

பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறியே கிடையாது. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு கொள்ளளவுக்கு நசுக்குகிறது. வேகமாக நசுக்கப்பட்ட காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்களே, அதே விளைவுதான். இங்கே வெப்பநிலை 500 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் இன்ஜெக்டர் டீசலைப் பனிபோலத் தெளிக்கிறது. டீசல் தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இயந்திரத்தின் அடிப்படையும் இதுவே.

நான்கு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒரு முறை எரியும். நான்கு சிலிண்டர்கள் இருந்தால் இரண்டு சுற்றுக்கு நான்கு உந்துதல்கள், அதாவது ஒரு சுற்றுக்கு இரண்டு. வேன் நின்ற நிலையில் இயந்திரம் நிமிடத்திற்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 1,600 உந்துதல்கள். நொடிக்கு ஏறக்குறைய 26.7. நான்கும் சம பலத்தோடு வந்தால் நமக்கு அது சீரான முனகலாகக் கேட்கும். நான்கில் ஒன்று சோர்ந்துவிட்டால், மூன்று கால்கள் சரியாகவும் ஒரு கால் நொண்டியும் நடக்கும் குதிரைபோல் இயந்திரம் தடுமாறும்.

*வேகமாகப் போனால் மட்டும் எங்கே மறைகிறது?*

பழுது ஒன்றுதான். அப்படியிருக்க, நெடுஞ்சாலையில் அது ஏன் தெரிவதில்லை? மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, நிலைமம். கிராங்க் தண்டின் முனையில் ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரம் இருக்கிறது. ஓர் உந்துதலுக்கும் அடுத்த உந்துதலுக்கும் இடையில் இயந்திரத்தைச் சுற்றவைப்பது அதில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல்தான். இந்த ஆற்றல் சுழலும் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். நிமிடத்திற்கு 2,400 சுற்று என்பது 800-ஐப் போல் 3 மடங்கு. அப்போது ஃப்ளைவீலில் இருக்கும் ஆற்றல் 9 மடங்கு. கையிருப்பு நிறைய இருக்கும்போது ஓர் உந்துதல் குறைந்தால் பெரிய பாதிப்பு இல்லை. கையிருப்பு குறைவாக இருக்கும்போது சிறு குறையும் உலுக்கிவிடும்.

இரண்டாவது, எரிபொருளின் அளவு. கணக்கின் வசதிக்காக, வேன் நின்ற நிலையில் மணிக்கு 0.72 லிட்டர் டீசலை எரிக்கிறது என்று கொள்வோம். 800 சுற்றில் ஒரு மணி நேரத்திற்கு 96,000 எரிப்புகள். வகுத்துப் பாருங்கள்: ஓர் எரிப்புக்கு 7.5 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டு நீர் ஏறக்குறைய 50 கன மில்லிமீட்டர். அப்படியென்றால், ஒரு சொட்டில் ஏழில் ஒரு பங்கு! தேய்ந்துபோன இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் 2 கன மில்லிமீட்டர் குறைவாகத் தெளித்தால், நின்ற நிலையில் அது கால் பங்குக்கும் மேலான இழப்பு. சுமையோடு மேடேறும்போது ஓர் எரிப்புக்கு 60 கன மில்லிமீட்டர் போகிறது என்றால், அதே 2 கன மில்லிமீட்டர் வெறும் முப்பதில் ஒரு பங்கு. ஓட்டுநரால் அதை உணரவே முடியாது.

மூன்றாவது, நேரம். 800 சுற்றில் பிஸ்டன் ஒரு முறை மேலேறி நசுக்க 37.5 மில்லிநொடி ஆகிறது. 2,400 சுற்றில் 12.5 மில்லிநொடி போதும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால், மெதுவாக ஏறும்போது காற்று கசிந்து வெளியேற மூன்று மடங்கு அவகாசம் கிடைக்கிறது; சூடும் சிலிண்டர் சுவருக்குப் போய்விடுகிறது. அதனால் அந்தச் சிலிண்டர் குறைந்த வேகத்தில் சரியாகப் பற்றாது. வேகம் கூடினால் பிழைத்துக்கொள்ளும்.

*கருவிக்கு முன் கேள்விகள்*

நல்ல மெக்கானிக் முதலில் திருகுச்சாவியை எடுப்பதில்லை. மருத்துவர் நோயாளியிடம் கேட்பதுபோல் "எப்போது உதறுகிறது, எப்போது நிற்கிறது?" என்று கேட்பார். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் மாறிகளைப் பிரித்து வைப்பது இதே முறைதான்.

முதல் சோதனை: வேனை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, இயந்திரத்தை ஓடவிடுவது. அப்போதும் உதறினால், சக்கரம், கிளட்ச் போன்றவற்றின் மீதான சந்தேகம் பெருமளவு குறைகிறது. இயந்திரத்தையோ அதைத் தாங்கும் மவுண்டிங்கையோ பார்க்க வேண்டும்.

இரண்டாவது சோதனை: புறப்படும் அந்தச் சில நொடிகளில், அதாவது கிளட்ச் மிதியை பாதி விட்ட நிலையில் மட்டும் உதறி, மிதியை முழுதும் விட்டதும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் கிளட்ச் முதல் சந்தேக நபர்.

மூன்றாவது சோதனை: ஒரே வேகத்தில் வெவ்வேறு கியர். மணிக்கு 30 கிலோமீட்டரில் மூன்றாம் கியரில் உதறுகிறது. இரண்டாம் கியருக்கு இறக்கியதும் நிற்கிறது. சக்கரத்தின் வேகம் மாறவில்லை, இயந்திரத்தின் வேகம்தான் மாறியது. எனவே காரணம் இயந்திரப் பக்கம் இருக்கிறது. கியரை மாற்றியும் உதறல் அப்படியே இருந்தால் டயர், சக்கரம், அச்சு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையில் இன்னொரு உண்மையும் வெளிப்படலாம். வேனில் பழுதே இல்லாமல் இருக்கலாம்! எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி, மெதுவாகப் போகும்போதும் உயர்ந்த கியரிலேயே ஓட்டுபவர்கள் உண்டு. மூட்டைகள் நிறைந்த வேனை 1,000 சுற்றுக்குக் கீழே இழுக்கச் சொன்னால் எந்த இயந்திரமும் திணறும். அதற்கு மருந்து, சரியான நேரத்தில் கியரை இறக்குவது.

*கைப்பேசி சொல்லும் எண்கள்*

உங்கள் கைப்பேசியில் முடுக்கத்தை அளக்கும் உணரி இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'பைஃபாக்ஸ்' போன்ற இலவசச் செயலிகள், அந்த உணரி பதிவுசெய்யும் அதிர்வை அலைவெண் வரைபடமாகக் காட்டும். நிறுத்திய வேனின் தரையில் கைப்பேசியைப் படுக்கவைத்து அரை நிமிடம் பதிவுசெய்தால் போதும். வரைபடத்தில் சில இடங்களில் முகடுகள் எழும்பும். 800 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் இயந்திரத்திற்குக் கவனிக்க வேண்டிய எண்கள் மூன்று.

• 26.7 ஹெர்ட்ஸ்: நான்கு சிலிண்டர்களும் தரும் வழக்கமான உந்துதல். இது எல்லா வேனிலும் இருக்கும். இது மட்டும் மிகப் பெரிதாக இருந்தால், இயந்திரம் சீராகத்தான் ஓடுகிறது, அதன் அதிர்வு தடுக்கப்படாமல் உள்ளே வருகிறது என்று பொருள். மவுண்டிங்கைப் பாருங்கள்.

• 13.3 ஹெர்ட்ஸ்: ஒரு சுற்றுக்கு ஒரு முறை வருவது. கிராங்க் தண்டோடு சேர்ந்து சுழலும் பொருள் ஏதேனும் எடைச்சமன் இழந்திருக்கலாம்.

• 6.7 ஹெர்ட்ஸ்: இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வருவது. ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் எரியும் முறை இதுதான். இந்த முகடு ஓங்கி நின்றால், ஏதோ ஒரு சிலிண்டர் மற்ற மூன்றைப்போல் வேலை செய்யவில்லை.

அதிர்வை வெறுமனே உணர்ந்தால் "உதறுகிறது" என்றுதான் சொல்ல முடியும். எண்ணிப் பார்த்தால், உதறுவது எது என்றே சொல்லத் தொடங்கலாம்.

*டீசலில் தண்ணீர், குழாயில் காற்று, வால்வில் கரி*

ஒரு சிலிண்டர் மட்டும் அல்லாமல் எல்லாமே சோர்ந்து, இயந்திரத்தின் வேகம் ஏறி இறங்கினால், எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவானவற்றைப் பார்க்க வேண்டும். எரிபொருள், காற்று என்று அவை இரண்டு.

மலேசியாவில் போக்குவரத்துக்கான டீசலில் கலக்கப்படும், பாமாயிலிலிருந்து எடுக்கப்படும் உயிரி டீசலின் அளவு 2019-இல் 10 விழுக்காடாக ஆக்கப்பட்டது. உயிரி டீசல் சாதாரண டீசலைவிட அதிகமாக நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும். நம் நாட்டின் ஈரக்காற்றில், பாதி காலியான தொட்டியின் உட்சுவரில் நீர்த்துளிகள் படிவதும் உண்டு. இதனால்தான் டீசல் ஃபில்டரின் அடியில் நீர் தங்குவதற்கு ஓர் இடம் இருக்கிறது. அதை உரிய காலத்தில் வடித்துவிட வேண்டும். நீர் இன்ஜெக்டர் வரை போனால் உதறல் வரும், துருவும் வரும்.

இங்கே ஒரு நுணுக்கம். ஃபில்டர் அடைத்துக்கொண்டால், திணறல் பெரும்பாலும் மேடேறும்போது, அதாவது டீசல் நிறையத் தேவைப்படும்போது தெரியும். எரிபொருள் குழாயின் இணைப்பில் விரிசல் ஏற்பட்டுக் காற்று உள்ளே நுழைந்தால், காலையில் எளிதில் இயந்திரம் கிளம்பாது. நின்ற நிலையில் வேகம் தள்ளாடும். மெக்கானிக் ஒரு கண்ணாடிபோன்ற குழாயை இடையில் பொருத்தி, குமிழிகள் ஓடுகின்றனவா என்று பார்ப்பார். பல வேளைகளில் பழுது ஒரு சாதாரண ரப்பர் வளையத்தில் இருக்கும்.

அடுத்தது காற்று. நச்சுத்தன்மையுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காக, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்பும் வால்வு ஒன்று இருக்கிறது. இ.ஜி.ஆர். வால்வு என்பார்கள். சுமை குறைவான வேளையில் அது திறந்திருக்கும்; இயந்திரம் முழுப் பலத்தோடு இழுக்கும்போது மூடிக்கொள்ளும். நாள்முழுதும் நின்று நின்று போகும் வேனில், புகையிலுள்ள கரி அந்த வால்வில் படிந்து இறுகிவிடும். பிறகு வால்வு சரியாக மூடாது. குறைந்த வேகத்தில் சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு. அதிலும் பெரும்பங்கு பழைய புகை என்றால் டீசல் எப்படி எரியும்? கறுப்புப் புகையும், மிதியை அழுத்தும்போது தயங்கித் தயங்கி எழும் வேகமும் இதன் அறிகுறிகள். சுத்தம் செய்தாலே பல வால்வுகள் சரியாகிவிடும்.

*கணினியின் சாட்சியம்*

6.7 ஹெர்ட்ஸ் முகடு தெரிந்தது. நான்கில் எது குற்றவாளி? இதற்கான விடை வேனுக்குள்ளேயே இருக்கிறது.

கிராங்க் தண்டோடு சுழலும் பற்களுள்ள வளையத்தை ஓர் உணரி இடைவிடாமல் கவனிக்கிறது. ஒவ்வொரு எரிப்புக்குப் பிறகும் தண்டு எவ்வளவு வேகம் பிடித்தது என்பதை இயந்திரக் கணினி அளக்கிறது. ஒரு சிலிண்டர் சோர்ந்தால் அதற்குச் சற்று அதிகமாகவும், வலுவான சிலிண்டருக்குச் சற்றுக் குறைவாகவும் டீசலைக் கொடுத்துச் சமப்படுத்தப் பார்க்கிறது. பட்டறையில் உள்ள ஸ்கேன் கருவியை இணைத்தால், பல வேன்களில் இந்தத் திருத்த அளவுகளைப் படிக்கலாம். எடுத்துக்காட்டாக, ஒரு வேனில் இப்படி வருகிறது என்று கொள்வோம்:

முதல் சிலிண்டர்: −1.2
இரண்டாம் சிலிண்டர்: −0.9
மூன்றாம் சிலிண்டர்: +3.1
நான்காம் சிலிண்டர்: −1.0

மூன்றாம் சிலிண்டருக்குக் கணினி கூடுதலாக ஊட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் மூன்றாம் இன்ஜெக்டரை மாற்றிவிடலாமா? பொறுங்கள். "மூன்றாவது சோர்ந்திருக்கிறது" என்றுதான் கணினி சொன்னது. "ஏன்" என்று அது சொல்லவில்லை. இன்ஜெக்டர் குறைவாகத் தெளித்தாலும் இதே எண் வரும். பிஸ்டன் வளையம் தேய்ந்து அழுத்தம் குறைந்தாலும் இதே எண் வரும். இந்த இடத்தில் அவசரப்படுவதால்தான் வேன்காரர்களின் பணம் வீணாகிறது.

இப்போது ஓர் அழகான சோதனை. முதல் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் மூன்றாம் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் இடம் மாற்றுகிறார்கள். புதிய இடத்திற்கேற்ப அவற்றின் குறியீடுகளைக் கணினியில் பதிவுசெய்கிறார்கள். மீண்டும் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். +3.1 முதல் சிலிண்டருக்கு நகர்ந்துவிட்டால் குற்றவாளி இன்ஜெக்டர். எண் மூன்றாம் சிலிண்டரிலேயே தங்கிவிட்டால், இன்ஜெக்டர் நிரபராதி. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்க வேண்டும். நல்ல டீசல் இயந்திரத்தில் அது ஏறக்குறைய 25 முதல் 30 பார் வரை இருக்கும். நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா என்பதே முக்கியம்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரும் மிச்சமான டீசலைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். அந்தத் திரும்பும் குழாய்களை நான்கு சிறு புட்டிகளில் விட்டுச் சில நிமிடங்கள் ஓடவிடுவார்கள். மூன்று புட்டிகளில் சமமாகவும் ஒன்றில் பல மடங்காகவும் டீசல் நிரம்பினால், அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. நான்கு புட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

*இயந்திரம் நிரபராதி என்றால்*

கிளட்சுக்கு வருவோம். சுழலும் ஃப்ளைவீலையும் கியர் பக்கத் தட்டையும் உராய்வால் மெல்ல இணைப்பது அதன் வேலை. எண்ணெய் கசிந்து தட்டில் பட்டாலோ, சூட்டில் அதன் பரப்பு பளபளத்துப் போனாலோ, உராய்வு சீராக இருக்காது. பிடிக்கும், வழுக்கும், மீண்டும் பிடிக்கும். ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தடவினால் அது பாடுவதும், பழைய கதவுக் கீல் கிறீச்சிடுவதும் இதே ஒட்டி-வழுக்கும் உராய்வால்தான். கதவில் அது ஒலி. வேனில் அது உதறல். எண்ணெய்க் கசிவைச் சரிசெய்யாமல் கிளட்ச் தட்டை மட்டும் மாற்றினால், புதிய தட்டும் நனைந்து உதறல் திரும்பி வரும்.

மவுண்டிங் என்பது இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் தாங்கி. படிவம் 4 இயற்பியலில் ஒத்ததிர்வையும் தணிப்பையும் படித்திருப்பீர்கள். ரப்பர் தாங்கியில் அமர்ந்த இயந்திரத்திற்கும் ஓர் இயல்பு அலைவெண் உண்டு. அது உந்துதலின் அலைவெண்ணோடு ஒத்துப்போகாதபடி பொறியாளர்கள் வடிவமைக்கிறார்கள். ஆண்டுகள் ஓடி ரப்பர் இறுகினாலோ கிழிந்தாலோ அந்த இடைவெளி குறைந்துவிடும்; அதிர்வு தணியாமல் உள்ளே பாயும். இதற்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு. நின்ற நிலையில் 800 சுற்றில் கடுமையாக உதறும் வேன், மிதியைச் சற்றே அழுத்தி 1,000 சுற்றுக்கு ஏற்றியதும் அமைதியாகிவிடும். இயந்திரத்தின் ஒலியோ இரண்டு நிலையிலும் சீராகவே இருக்கும்.

*எச்சரிக்கை*

பழைய டீசல் இயந்திரங்களில், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயையும் சற்றுத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று மெக்கானிக்குகள் கண்டுபிடித்தார்கள். இன்றைய வேன்களில் அதை ஒருபோதும் செய்யக்கூடாது. குழாயில் டீசலின் அழுத்தம் 1,600 பாருக்கும் மேல் போகலாம். அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 1,600 மடங்கு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும் ஆபத்து. இயந்திரத்தைத் தொடும் வேலை பயிற்சி பெற்றவருடையது. கேட்பதும், எண்ணுவதும், குறித்துவைப்பதும் உங்களால் முடியும்.

*நீங்களே செய்து பாருங்கள்*

வீட்டிலோ பக்கத்திலோ டீசல் வேன் இருந்தால், உரிமையாளரின் அனுமதியோடு திறந்தவெளியில் இதைச் செய்யுங்கள். வேன் நியூட்ரலில், கைப்பிரேக் போட்ட நிலையில் நிற்கட்டும். பெரியவர் ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்கட்டும்.

1. இயந்திரத்தின் சுழல் வேகத்தை மீட்டரில் பார்த்துக் குறியுங்கள்.
2. அந்த வேகத்தில் வரவேண்டிய மூன்று அலைவெண்களையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்.
3. கைப்பேசியைத் தரையில் வைத்து அரை நிமிடம் பதிவுசெய்யுங்கள். முகடுகள் எங்கே வந்தன?
4. குளிர்சாதனத்தைப் போட்டபின் மீண்டும் பதிவுசெய்யுங்கள். சுழல் வேகம் மாறினால் முகடுகளும் நகர்கின்றனவா?

கணக்கில் ஒரு பயிற்சி: நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரம் நிமிடத்திற்கு 900 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு எத்தனை உந்துதல்? ஒரு சிலிண்டர் மட்டும் சோர்ந்திருந்தால் எந்த அலைவெண்ணில் முகடு எழும்?

விடை: 30 உந்துதல், 7.5 ஹெர்ட்ஸ்.